சுடுதண்ணீர் ஊறிய கிணறு

அழகரத்தினம் வெட்டிய கிணறுகளில் தண்ணீரே காணாதவை உண்டு, உப்பாய் ஊறியவையும் உண்டு. சுடுதண்ணீர் வந்தது அவருடைய சொந்த வீட்டு வளவில்தான். ஊற்றில் கால் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கடல் ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, இனி அது கண்ணிலேயே படக்கூடாது என்று ஆரையம்பதியை விட்டு, வாவி தாண்டிப் படுவான்கரைக்கு வந்த குடும்பம். மகள் கலாஜினியும் கடலுக்குத் தப்பி வந்தவள்தான். அப்பனோடு கிணறு வெட்டப் போவாள். ஒடுங்கின கிணறென்றால் அவள்தான் இறங்குவாள். வேலை முடிந்ததும் அலவாங்குக் கம்பியால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மேலே நிற்பவர் கயிற்றை இழுக்கவேண்டும். பிறகொரு நாள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று அவளை இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்த வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று றேடியோ சொன்னது. அவளைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

கிணற்றில் சூடு ஊறத் தொடங்கியதோடு அடியில் ஒரு சத்தமும் கேட்டது. கல்லில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு.

மனைவி சீதேவிப்பிள்ளை ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தாள். வெறும் வாளிதான் வந்தது. தட்டுக் கேட்கும்போதெல்லாம் இழுத்தாள். உள்ளங்கை உரிந்தும் விடவில்லை.

அழகரத்தினம் ஒரு லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். பாதிக்குக் கீழே போனதும் சுடர் அணைந்து நூர்ந்தது. கீழே கெட்ட காற்று, இறங்கிற ஆள் செத்துப்போவான் என்று மனைவிக்கு விளங்கப்படுத்தினார்.

"அவள் ஊதியிருப்பாள்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

அதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. நிலம் வெடித்து நெருப்புக் குழம்பு கக்கப்போகிறதாம். இரண்டு வீட்டுக்காரர் மூட்டை முடிச்சே கட்டிவிட்டார்கள். அழகரத்தினம் போய்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றெஜி மாஸ்டரைக் கூட்டிவந்தார். படித்த மனிதர் சொன்னால் மனிசி கேட்பாள் என்ற நம்பிக்கை.

மாஸ்டர் பொறுமையாகச் சொன்னார். எரிமலை உள்ள தேசங்களில் பூமிக்கடியில் பாறை உருகும். உருகியது சுற்றியுள்ள பாறையைவிட இலேசு, அதனால் மேலே நெருக்கிக்கொண்டு வரும். வெடிப்புக் கண்ட இடத்தில் புகுந்து அதை அகட்டும். வழியில்லாவிட்டால் ஆயிரக்கணக்கான வருடம் அப்படியே கிடக்கும். உள்ளே கரைந்திருக்கும் வாயு பொங்கினால், குலுக்கிய சோடாப் போத்தல் மாதிரிச் சீறி வெளியே கொட்டும். இங்கே அடியில் அப்படி எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் வெடிப்புகளுக்குள்ளால் வெகு ஆழம் இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கூட வரும் வாயுதான் லாம்பை நூர்த்தது. குமிழி முட்டிக் கல்லொன்று ஆடுவதுதான் தட்டு.

சீதேவிப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டாள்.

"கீழ போன தண்ணி மறுகா மேல வர எவ்வளவு காலம் செல்லும் சேர்?"

"நூறு வருசமும் செல்லும், ஆயிரமும் செல்லும் அம்மா."

"ஆனா வரும்."

ஓம் என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தேத்தண்ணியையும் குடியாமல் சைக்கிளை எடுத்தார்.

அதன் பிறகு ஒருநாள் அழகரத்தினம் வேலையால் வந்தபோது அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கால் இரண்டையும் கிணற்றுக்குள் தொங்கவிட்டபடி இருந்தாள். இழுத்து வெளியே போட்டார். வாயில் வந்தபடி ஏசினார்.

"நீங்க இறங்கமாட்டீங்க. ஆராவது இறங்கத்தானே வேணும்."

மூடிவிடுவதென்று அன்றே முடிவெடுத்தார். இது திறந்து கிடந்தால் இவளும் மிஞ்சமாட்டாள். மண்வெட்டியை எடுத்தார். அவள் தடுக்கவில்லை, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். கட்டோரம் குவிந்திருந்த மண்ணில் ஒரு வெட்டு அள்ளி உள்ளே தள்ளினார்.

"மண் வருகுது, விலத்து புள்ள."

அது அவருடைய வாயிலிருந்துதான் வந்தது. கிணறு வெட்டுகிறவன் சும்மா ஒரு சிறு கல்லைக்கூடக் கீழே விடமாட்டான். கத்திச் சொல்லி, கீழே நிற்கும் ஆள் சுவரோடு ஒட்டிய பிறகுதான் விடுவான். முப்பது வருடப் பழக்கம். ஆனால் மற்ற வேலையாட்களிடம் வெறும் 'விலத்து'தான். கிணற்றுக்குள் இறங்கியவர்களில் புள்ள என்று அவர் கூப்பிட்டது ஒரேயொருத்தியை.

மண் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பேரும் காது கொடுத்தார்கள்.

"அப்ப உங்களுக்கும் தெரியும்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

அடுத்த வெட்டு மண்ணை அவரால் அள்ள முடியவில்லை. கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டார். கிணற்று வாய்க்கு மேல் பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, முள்ளுக்கம்பியால் வரிந்து கட்டினார். ஒரு மூலையில் காது வைக்கிற அளவுக்கு இடம் விடச் சொன்னாள் அவள்.

விட்டார்.