சிவப்பு விளக்கின் மேல் ஒரு பிளாஸ்திரி

பக்கவாதம் வந்து பேச்சுப் போனபின் பஸ் கண்டக்டரின் வாய் ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேறியது. சோப்புப் பெட்டி அளவுதான். லினக்ஸ் கம்ப்யூட்டர் என்று சொல்லி, டிப்போவில் அவரோடு வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் அதை டிவியின் முதுகில் கட்டிவிட்டுப் போனார். அசைகிற ஒற்றை விரலால் கண்டக்டர் கீபோர்டைத் தட்டுவார். டிவியில் எழுத்து விழும். "டீல சர்க்கரையே இல்ல, சில்லறையத் திருப்பிக் குடு" என்று எழுதி மனைவியைச் சிரிக்க வைப்பார்.

அவள் அந்தக் கீபோர்டில் விரல் வைத்ததே இல்லை. "அது அவர் வாயி. அடுத்தவங்க வாய்க்குள்ள யாராவது விரல விடுவாங்களா?" என்பாள். பெட்டியின் சிவப்பு விளக்கு இரவில் அவர் கண்ணைக் குத்தியதால் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். அன்பாகத்தான் ஒட்டினாள்.

அப்புறம் கெட்ட காலம் பிறந்தது. அவர் தட்டினால் டிவியில் 'தததததத' என்று கொட்டியது. மவுசை நகர்த்தினால் அம்புக்குறி அசையாமல் மரமாக நின்றது. நடுநடுவே திரை இருண்டு, 'சிக்னல் இல்லை' என்றது. வயரைப் பிடுங்கி மாட்டினாள். டிவியின் அடுத்த துளையிலும் செருகிப் பார்த்தாள். கொழுந்தன் புதுக் கீபோர்டும் மவுசும் வாங்கி வந்தார். அதிலும் அதே 'த'.

"ரெண்டு கீபோர்டுமா அண்ணி கெட்டுப்போகும்? கெட்டது அண்ணன் மூளைதான். அவருக்கு இனிமே ஒண்ணும் புரியாது."

அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் இதைச் சொன்னார். அவளும் அங்கேயே நின்று அழுதாள். "நான் தூங்கி எத்தன நாளாச்சு தம்பி. எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டாத்தான் நான் உசுரோட இருப்பேன்." வாயை எடுத்துக்கொண்ட கடவுள் காதை விட்டு வைத்திருந்தார். அதை இருவருமே மறந்து போனார்கள்.

இன்று அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாள். கொழுந்தன் அவருடைய துணிகளைப் பையில் அடுக்கினார். வாசலில் கார் நின்றது. போகுமுன் அவருக்குக் காட்ட ஒரு வார்த்தையாவது எழுதலாம் என்று, அவள் முதல்முறையாகக் கீபோர்டில் விரல் வைத்தாள். 'ம'வை ஒருமுறைதான் தொட்டாள்.

மமமமமமமம.

கெட்டது அவர் மூளை இல்லை. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

"சிவப்பு லைட்டு நிலையா எரியுதாம்மா, விட்டு விட்டு எரியுதா?"

பிளாஸ்திரியைப் பிய்த்தாள். விளக்கு விக்கி விக்கி எரிந்தது.

"கரண்ட் பத்தலம்மா. நான் குடுத்த வெள்ளை சார்ஜர்தானே போட்டிருக்கீங்க?"

சுவரில் இருந்தது கறுப்பு. கொழுந்தன் தன் பையைத் துழாவி வெள்ளை சார்ஜரை எடுத்தார், முகம் செத்துப்போயிருந்தது. "ரெண்டும் ஒரே முனையா இருந்துச்சு அண்ணி... அன்னிக்கு வந்தப்ப என்னோடதுன்னு நெனச்சு மாத்தி எடுத்துட்டேன்... போனுக்குத்தானே..."

மாட்டினாள். விளக்கு நிலைத்தது. திரை வெளுத்தது. அம்புக்குறி ஓடியது.

"என்னங்க, எழுதுங்க. எதையாவது எழுதுங்க. என்னைத் திட்டியாவது எழுதுங்க."

அவர் விரல் அசையவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். இத்தனை நாளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த விரல் அது. அவள் தண்ணீர் கொண்டுவந்து, கரண்டியால் உதட்டை நனைத்தாள். தடுக்காமல், அவசரப்படாமல் குடித்தார். ஏழெட்டுக் கரண்டி போனது. அந்தத் 'த' என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வெகுநேரம் கழித்து விரல் நகர்ந்தது. திரையில் ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை மட்டுமே விழுந்தது.

"போலாம். நீ தூங்கு."

பஸ்ஸைக் கிளப்பச் சொல்லி வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தவர், இப்போது தன்னையே ஏற்றி அனுப்பச் சொன்னார். முழு நினைவோடுதான் சொன்னார். அவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு எழவே இல்லை.

கொழுந்தன் வெளியே போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தார். பையைத் திறந்து, அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார். "இன்னிக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றார், முகத்தைக் காட்டாமல்.

எழுதியதை எதைத் தொட்டால் அழிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த எழுத்து திரையில் அப்படியே நின்றது.