தைசியாவின் வாசலில் கேமரா

1

இந்தக் கதை ஒரு ரொட்டிக் கடைச் சண்டையில் பிறந்தது. ஊரே பார்த்ததுபோல நானும் அதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன்.

வடக்குக் கஸக்ஸ்தானில், ரஷ்ய எல்லையோரச் சிற்றூர் எங்களுடையது. கடைக்காரி குல்யாஷ் எங்கள் கஸக் இனம், எனக்குச் சித்தி முறை. எதிர்வீட்டுத் தைசியா ரஷ்யக்காரி, ஓய்வுபெற்ற நர்ஸ்.

"இங்கேயே பொறந்து வளர்ந்தவ. கஸக்ல ஒரு ரொட்டி கேக்க வரல. அந்தப் பக்கமே போயிடேன்" என்றாள் சித்தி. தைசியா எடுத்த ரொட்டியை வைத்துவிட்டு வெளியேறினாள். யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள்.

2

அன்று வானம் கறுத்துக்

(வேண்டாம். நல்ல வெயில்.)

பரவிய படத்தைப் பார்த்து, அந்த வாரமே எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு ரஷ்யத் தொலைக்காட்சி வேன் வந்தது. சித்தி கடையை அடைத்தாள். "ரஷ்யக்காரங்களைக் காப்பாத்த வர்றோம்னு வந்தவங்க எந்த ஊரை விட்டு வெச்சாங்க?" என்று கேட்டாள். உக்ரைனை எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

3

இங்கே எனக்குத் தைசியாமேல் சந்தேகம், வேன்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்று. அவள் கேமரா முன் அழுவதாக ஒரு பத்தி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவமானப்பட்டவள், அழுதிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் நடந்தது வேறு.

கேமரா தைசியாவின் வாசலுக்குப் போனது; தெருவே அவள் வேலியோரம் நின்றது.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றான் நிருபர். "இங்க உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?"

"ஆமா. அதோ நிக்கிறாளே, அவதான். ஊர் பார்க்க என்னை மானங்கெடப் பேசினா."

சித்தியின் முகம் வெளுத்தது.*

"அப்ப ரஷ்யா வந்து உங்களை..."

"உன்னை யாரு கூப்பிட்டா? அவ பையன் பொறந்தப்ப மொதல்ல கையில ஏந்தினவ நான். எங்க சண்டையை நாங்களே போட்டுக்குவோம்."

பிறகு கேமராவை நேராகப் பார்த்து, இதுவரை வாயில் வராத கஸக்கில் திக்கித் திக்கிச் சொன்னாள்: "இது என் ஊர். இது என் வீடுகள்."

"வீடுகள் இல்லடி, வீடு" என்றாள் சித்தி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "எத்தனை வெச்சிருக்கே நீ?"

தெரு சிரித்தது. கேமராக்காரனும் சிரித்ததில் படம் ஆடிப்போனது.

"ரஷ்ய மொழியில சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான் நிருபர்.

"அதுலயும் சொல்றேன். கெளம்பு."

4

ஒரு பேரரசின் வேன் எங்கள் தெருவில் பின்னோக்கி உருண்டு போயிற்று. தெருவே கைதட்டி வழியனுப்பியது. ஆண்கள் தொப்பிகளை வீசி எறிந்தார்கள் (ஒன்று இன்னும் என் கூரையில் கிடக்கிறது). மேசைகள் வீதிக்கு வந்தன. பால் தேநீர் பாத்திரம் பாத்திரமாகக் காலியானது. எந்த வீட்டுப் பாத்திரம் என்று யாரும் கேட்கவில்லை.

5

சித்தி மன்னிப்புக் கேட்டாளா? இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதச் சொல்கிறார் பதிப்பாசிரியர். மாட்டேன். இதை எழுதும்போது இருவரும் என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறார்கள். தைசியா கஸக்கில் திட்டுகிறாள். சித்தி அந்தத் திட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் திட்டுகிறாள். முடிவு வேண்டுமென்றால் நீங்களே வாருங்கள். நடுவில் ஒரு வார்த்தை பேச முடிகிறதா பார்ப்போம்.

* வெளுக்கவில்லை என்கிறாள் சித்தி. வெளுத்தது.