லென்ஸுக்குப் பக்கத்து ஸ்டூல்

எல்வுட் ஃபிஞ்சுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதன்மேல்தான் பொறாமை. அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் பத்துப் பேர்மேல் பிரித்துப் பிரித்துப் படுகிற பொறாமையை அவன் ஒரே ஆள்மேல் மொத்தமாகப் பட்டுவந்தான். அதுவும் பத்து வருஷமாக, ஒரு நாள் விடுப்பு எடுக்காமல்.

அந்த ஆள் சினிமா நட்சத்திரம் ரோலண்ட் டெவரோ. சாதாரண ஆளா? சன்செட் சாலையில் அவன் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள். எல்வுட் வேலைக்குப் போகும் பஸ் தினமும் அந்த மூக்குக்கு நேராகத்தான் நிற்கும். எல்வுட் தினமும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. அவன் மனைவி ஐவி, பத்திரிகையிலிருந்து அதே முகத்தை வெட்டிச் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். எல்வுட்டுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரோலண்ட் டெவரோ என்பது ஸ்டூடியோ வைத்த பெயர். அம்மா வைத்த பெயர் ஆர்வில் ஸ்டம்ப். நெப்ராஸ்காவில் பன்றி வளர்த்தவர் மகன். பல்லைச் சீர் செய்தது ஸ்டூடியோ, முன்மயிரைப் பிடுங்கி நெற்றியை மேலே ஏற்றியது ஸ்டூடியோ, பேச்சைத் திருத்தியது ஸ்டூடியோ. "சூட் மட்டும் என்னோடது" என்பான் எல்வுட். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

அது நிஜம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் இரண்டு பேரும் கஹுவெங்கா சாலையில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து உருப்படியான சூட் ஒன்றுதான், சாம்பல் நிறம், எல்வுட்டின் மாமா செத்தபோது அவனுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவிலிருந்து இரண்டு பேரையுமே பரிசோதனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஆர்விலுக்குப் பத்து மணி, எல்வுட்டுக்கு இரண்டு மணி. ஆர்வில் சூட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டு ஒரு மணிக்குள் திரும்பி வருவதாகப் பேச்சு. அவன் வரவில்லை. அங்கே அவனைப் பிடித்துப்போய், இன்னொரு முறை நடக்கச் சொன்னார்கள், இன்னொரு முறை திரும்பச் சொன்னார்கள். எல்வுட் கிழிந்த வேலைக்கால்சட்டையைப் பார்த்தபடி, உள்ளாடையோடு, கட்டிலில் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம் முழுக்க ஸ்டூடியோ ஆர்விலை அங்கேயே தங்கவைத்துக்கொண்டது. வாரக் கடைசியில் அவனுக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் வந்தது. அன்றைக்கே எல்வுட் பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையைக் காலி செய்தான். சொல்லிக்கொள்ளவில்லை. சூட்டைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

பிறகு அதே ஸ்டூடியோவில் எல்வுட்டும் ஒரு வழியாகச் சேர்ந்தான். எல்லாம் ஒரு வரி வேடங்கள்: மது ஊற்றிக் கொடுப்பவன், ஓட்டலில் சாவி எடுத்துக் கொடுப்பவன், "தந்தி வந்திருக்கு ஐயா" என்பவன். அவனுக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று ஒரு வரி அதில் உண்டு. அந்த உரிமை ஸ்டூடியோவுக்கு மட்டும்தான். நாற்பத்தொன்று ஏப்ரலில் அவனுக்கு அந்தக் கெடு வந்தது. இந்த முறை கழற்றிவிடப் போகிறார்கள் என்று கடைநிலை எடுபிடி வரைக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ரோலண்ட் டெவரோ படத்தில் அவனுக்கு ஒரு நிஜமான வேடம் கிடைத்தது. சிறையிலிருந்து திரும்பி வரும் தம்பி. ஒரே காட்சி. ஆனால் முகத்துக்கு நேராகக் கேமரா வைத்து ஒரு குளோசப் உண்டு. பத்து வருஷத்தில் அவனுடைய முதல் குளோசப்.

"எடுத்த படத்தை வெள்ளிக்கிழமை மேலிடத்துல ஓடவிட்டுப் பார்ப்பாங்க" என்றாள் நெட்டி. வசனத் தாளோடு கேமரா பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறவள் அவள். "அந்த குளோசப் நல்லா அமைஞ்சுட்டா உங்களை விட மாட்டாங்க, மிஸ்டர் ஃபிஞ்ச். டெவரோவே உங்க பேரைச் சொன்னாராம், தெரியுமா? தம்பி வேஷத்துக்கு எல்வுட் ஃபிஞ்ச்தான் வேணும்னு."

எல்வுட் தன் வசனத் தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தான். வேடமே அவன் போட்ட பிச்சையா?

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் எண் தளத்தில் படப்பிடிப்பு. முதலில் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்தார்கள். எல்வுட்டின் முதுகும் தோளும் முன்னால், டெவரோவின் முகம் எதிரே. அது சுமுகமாக முடிந்தது. அடுத்தது டெவரோவின் குளோசப், அதற்கடுத்தது எல்வுட்டின் குளோசப். ஒருவர் முகத்தை எடுக்கும்போது மற்றவர் லென்ஸை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து தன் வசனத்தைச் சொல்ல வேண்டும், எதிராளி நடிக்க ஒரு பிடி வேண்டுமே. இது வழக்கம். பெரிய நடிகர்கள் தங்கள் முகம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதுவும் வழக்கம்தான். அப்போது சின்ன நடிகனுக்கு நெட்டிதான் வசனம் படிப்பாள். அன்பைச் சொன்னாலும் கொலையைச் சொன்னாலும் சலவைக்காரனிடம் துணி எண்ணிப் போடுவது போலத்தான் படிப்பாள், பாவம்.

டெவரோவுக்கு ஆறு மணி வரைதான் வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மணி நாலரை. அவன் போய்விடுவான், நான் நெட்டியின் மூஞ்சியைப் பார்த்து அழ வேண்டும் என்று எல்வுட் கணக்குப் போட்டான். அதற்கு முன்னால் அவனுக்கும் கொஞ்சம் காட்டிவிடலாமே என்று தோன்றியது.

நாடகக் கொட்டகைக் காலத்துத் தந்திரம் ஒன்று அவனுக்குத் தெரியும். எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு விரற்கடை மேலே, அவ்வளவுதான். வெளியாளுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நடிக்கிறவனுக்குக் காலடியில் தரை நழுவிவிடும்.

எல்வுட் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூடியோ பிடுங்கி ஏற்றிய அந்த நெற்றியைப் பார்த்தான். குரலிலிருந்தும் உயிரை எடுத்துவிட்டுத் தம்பியின் வசனத்தைச் சொன்னான்.

"பத்து வருஷமா எனக்கு ஒரு கடுதாசி போட்டியா நீ? ஒரே ஒரு கடுதாசி?"

"எழுதினேன்" என்றான் டெவரோ. "தபால்ல போடத்தான் தைரியம் வரலை."

"கட்" என்றார் இயக்குநர் லெம் கார்மடி. வயிற்றுப்புண்காரர், குடுவையிலிருந்து பால் குடித்தபடியே படம் எடுப்பவர். "ரோலண்ட், ஏதோ சரக்குப் பட்டியல் படிக்கிற மாதிரி இருக்கு. இன்னொண்ணு."

இன்னொன்று எடுத்தார்கள். இன்னொன்று. ஆறாவது எடுத்தபோது டெவரோவின் மேலுதடு வேர்த்தது. எல்வுட்டுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. பார்த்தாயா, ஆர்வில் ஸ்டம்ப்? என் தயவு இல்லாவிட்டால் உனக்கு அழக்கூட வராது.

ஒப்பனைக்காரி வந்து வேர்வையை ஒற்றிவிட்டுப் போனாள். கார்மடி பாலைக் குடித்தார். அந்த இடைவெளியில் டெவரோ முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், பழைய நெப்ராஸ்காப் பேச்சில் கேட்டான்:

"எல்லி, என்னடா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

எல்லி. பத்து வருஷமாக அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதுவும் அக்கறையாக! எல்வுட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. கொடுக்கிறவன் அவன், வாங்குகிறவன் நான், இதில் விசாரிப்பு வேறு.

கேமரா ஓட ஆரம்பித்தது. கிளாப் அட்டை அடித்தார்கள். எல்வுட் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தான். வசனம் மறந்துபோனது. வாயில் வந்தது வேறு.

"என் சூட்டை ஏண்டா திருப்பிக் குடுக்கலை?" என்றான். குரல் கிழிந்தது. "நாலு மணி வரைக்கும் ஜட்டியோட உட்கார்ந்திருந்தேண்டா நான். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நீதான்னு எழுந்து எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அது என் சூட்டு. அது என் வாழ்க்கைடா."

நெட்டி வசனத் தாளை மேலும் கீழும் தேடினாள். கார்மடி கையைத் தூக்கினார், கட் என்று சொல்லவில்லை.

டெவரோவின் முகம் முதலில் அப்படியே நின்றது. பிறகு தாடை ஆடியது. ஸ்டூடியோ செய்த முகமெல்லாம் கழன்று, உள்ளேயிருந்து கஹுவெங்கா அறைப் பையன் எட்டிப் பார்த்தான். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனாலும் நடிகன் நடிகன்தானே. எழுதிக் கொடுத்த வசனத்தை விடவில்லை.

"எழுதினேன்" என்றான். மூச்சு வாங்கியது. "தபால்ல போடத்தான்... தைரியம் வரலை."

கார்மடி பால் குடுவையைக் கீழே வைத்தார். பிறகு, "கட். இதுதான். இதேதான்" என்றார். விளக்குக்காரர்கள் மேலேயிருந்து கை தட்டினார்கள். அவர்கள் எதற்கும் தட்டாதவர்கள். "ஃபிஞ்ச், நீ உளறினதைப் பத்திக் கவலைப்படாதே. முன்னாடி ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்ததுல உன் குரல் சுத்தமா இருக்கு, அதை இதுக்கு மேல வச்சுக்கலாம்" என்றார்.

டெவரோ ஸ்டூலுக்கு வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"திருப்பித் தரத்தாண்டா வந்தேன்" என்றான். "இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்தேன். நீ அறையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டே. எங்கேன்னு வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியலை."

இது பொய்யாக இருக்கக் கூடாதா என்று எல்வுட் வேண்டிக்கொண்டான்.

மணி ஆறு. டெவரோவின் ஆள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"உங்க நேரம் முடிஞ்சுது, ரோலண்ட்" என்றார் கார்மடி. "நெட்டி படிப்பா."

"நெட்டி வேண்டாம்" என்றான் டெவரோ. "எல்லியோட குளோசப்புக்கு நான் இருக்கேன். எத்தனை டேக் ஆனாலும் சரி."

தளம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிச் செய்கிற பெரிய நடிகனை அவர்கள் பார்த்ததில்லை. கேமராவைத் திருப்பினார்கள். விளக்குகளை மாற்றினார்கள். எல்வுட் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தான். டெவரோ லென்ஸை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்தான், சற்றுமுன் அழுத அதே அழுகையை, கேமராவே தன்மேல் இல்லாமல், இவனுக்காக மறுபடியும் அழுதான்.

எல்வுட்டுக்கு எதுவும் வரவில்லை.

பத்து வருஷச் சேமிப்பை அரை மணிக்கு முன்னால் இன்னொருவன் முகத்துக்குச் செலவழித்துவிட்டான். வசனம் வந்தது. புருவம் உயர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதைவிட மோசம், ஆர்விலின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பார்க்கப் பார்க்கப் பார்வை தானாக ஒரு விரற்கடை மேலே போய் நெற்றியில் நின்றுகொண்டது.

"ஃபிஞ்ச், கண்ணைப் பாரு. அவர் நெத்தியில என்ன எழுதியிருக்கு?" என்றார் கார்மடி.

மூன்றாவது எடுத்தார்கள். ஏழாவது எடுத்தார்கள். டெவரோ ஒவ்வொரு தடவையும் அழுதான். அந்த அழுகையில் ஒன்றுகூட அரைகுறை இல்லை. நெட்டி படித்திருந்தால், டெவரோ வீட்டுக்குப் போய்த் தொலைந்திருந்தால், எல்வுட் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்திருப்பான், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று. அந்தச் சாக்கையும் பாவி வாங்கிக்கொண்டான்.

பதினொன்றாவதுக்குப் பிறகு கார்மடி குடுவையைக் கவிழ்த்துப் பார்த்தார். பால் தீர்ந்திருந்தது. "போதும். உள்ளதை வச்சுப் பார்க்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மேலிடத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். திங்கட்கிழமை எல்வுட்டுக்குக் கடிதம் வந்தது. மூன்றே வரி.

அக்டோபரில் படம் பர்பாங்கில் அவன் வீட்டுப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. அப்போது அவன் விமானத் தொழிற்சாலையில் இறக்கைக்கு ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு ஐவி அவனை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். "நீ நடிச்சதை நானே பார்க்கலைன்னா வேற எவ பார்ப்பா?" என்றாள். பையில் இரண்டு கைக்குட்டைகள் எடுத்துவைத்திருந்தாள். அது யாருக்காக என்று எல்வுட்டுக்குத் தெரியும்.

அந்தக் காட்சி வந்தது. முதலில் அவன் முதுகு. தோள். ஐவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு டெவரோவின் முகம் திரை முழுக்க வந்தது. எல்வுட்டின் குரல் எங்கிருந்தோ, சுத்தமாக, "ஒரே ஒரு கடுதாசி?" என்று கேட்டது. அந்த முகம் உடைந்தது. கொட்டகையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. பின்னால் ஒரு ஆண்பிள்ளை வெளிப்படையாகவே தேம்பினான்.

"நீ அப்ப எங்க இருந்தே?" என்றாள் ஐவி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"கேமராவுக்குப் பக்கத்துல. ஸ்டூல்ல."

"அப்ப உன்னைப் பார்த்தா இப்படி அழறான்?"

"ஆமா."

"அப்படி என்னதான் சொன்னே?"

"என் சூட்டைத் திருப்பிக் குடுடான்னேன்."

ஐவிக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "சும்மா இரேன். நிம்மதியா அழக்கூட விட மாட்டியா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கைக்குட்டையை எடுத்தாள்.

எல்வுட் தன் முகம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் டெவரோ வந்தான். அப்புறம் ஒரு கதவு மூடியது. அடுத்த காட்சி ஒரு ரயில் நிலையம். படம் முடிந்து விளக்குப் போடும் வரை அவன் கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தான். ஐவி எழுந்து நின்று, "வா, போகலாம்" என்று இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.