ஐந்தாவது கட்டம் இல்லாத படிவம்

எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கீங்களா? போன மாசம் முட்டி வலி என்று எழுதியவர்களுக்கு இப்போது தேவலையா? கீழ்பென்னாத்தூர் மணிமொழிக்கு 2004-இல் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மணிமொழியின் மகள் இனியாவுக்கு அப்போது பதினோரு வயது. யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் எழுத்து கண்ணில் பட்டால் போதும், உரக்கப் படித்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உரமூட்டை, மாத்திரை அட்டை, சுவரில் எழுதிய கட்சி விளம்பரம், எதையும் விடமாட்டாள். ஊர் அவளை லூசு என்றது. அப்படிச் சொன்ன ஒரு கண்டக்டரிடம் மணிமொழி சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருக்கிறாள்.

அந்த வருஷம் சென்னையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் ஆட்டிசம், தமிழில் மன இறுக்கம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வழியாக மகளுக்குச் சரியான வார்த்தை கிடைத்தது என்று மணிமொழி அந்தச் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தாள். மாமியார் பாஞ்சாலையின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மனசு இறுகிப்போனது பிள்ளைக்கா, பெற்றவளுக்கா என்று தெரு முழுக்கக் கேட்டு வைத்தாள்.

திருவண்ணாமலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். இலவச பாஸ் கிடைத்தால் அனுப்பலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கணவன் ராமன் சொல்லிவிட்டான். மகளைக் கூட்டிக்கொண்டு மணிமொழி பாஸ் ஆபீசுக்குப் போனாள்.

கிளார்க் அப்பாதுரை சீட்டைப் படித்தார்.

"மன இறுக்கமா? அது எனக்கும்தாம்மா இருக்குது. வீட்டுக்குப் போனா இன்னும் ஜாஸ்தியாயிடுது. அதுக்கெல்லாம் பாஸ் கெடையாது."

பாஸுக்கான சான்றிதழ் படிவத்தில் நான்கே கட்டங்கள். கண், காது, கை கால், நான்காவது மனவளர்ச்சி குன்றியவர். அப்பாதுரை ஒன்றும் கெட்டவர் இல்லை. நாலாவதில் டிக் அடித்து, கீழே உன் கையாலேயே எழுதிக் கொடு, உள்ளே டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று வழி சொன்னார்.

மணிமொழி எழுந்து வெளிக்கேட்டு வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து பேனா கேட்டாள்.

அவள் எழுதி முடித்ததும், தோளுக்கு மேலே எட்டிப்பார்த்த இனியா செய்தி வாசிப்பதுபோலப் படித்தாள்.

"என் மகள் இனியா மனவளர்ச்சி குன்றியவள்."

அப்பாதுரை கண்ணாடியை இறக்கினார். "இன்னாம்மா, பொண்ணு படிக்குது? படிக்கிற பொண்ணுக்கு இத எப்படிம்மா குடுக்கறது? நாளைக்கு எவனாவது கேட்டா என் வேலை போயிடும்."

மணிமொழியோ, பிறத்தியாரிடமெல்லாம் என் பொண்ணு படிப்பாள் என்று சொல்லிச் சொல்லியே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டவள்.

"படிக்கலீங்க சார். எழுதும்போது நான் வாய்விட்டுச் சொன்னேன், அதையே திருப்பிச் சொல்லுது. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் நம்பாமல் வேறொரு காகிதத்தை இனியாவின் பக்கம் தள்ளினார். இனியாவின் உதடு அசைந்தது. மணிமொழி சட்டென்று அவள் முகத்தை இழுத்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். பிள்ளை எழுத்தைப் பார்க்கத் திமிறினாள். மணிமொழி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். புது ஆளைக் கண்டால் பயப்படும் என்றாள். அப்பாதுரை காகிதத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு முத்திரையை எடுத்தார்.

ஜூன் மாதம் பள்ளியில் திரௌபதி டீச்சர் சான்றிதழைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் வேண்டாம், பாசிமணி கோக்கிற வகுப்பில் உட்காரட்டும் என்றார். உண்மையைச் சொல்ல மணிமொழிக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அது ஆபீசுக்குப் போகும், பாஸ் போய்விடும், பள்ளிக்கூடமும் போய்விடும்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பெயரை எழுதச் சொன்னார்கள்? நீங்கள் எழுதினீர்களா, மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டீர்களா? நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதுங்கள்.