கடைமடைத் திரை

எங்கள் ஊர் ஏரியில் மதகு திறக்கும் நாளில் முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு. என் பாட்டனார் காலத்திலிருந்து அப்படித்தான். பதினோரு வருடமாக என் சித்தப்பா மகன் அரிகரன் அதை மறுத்து வருகிறான். நாங்கள் மூத்தவர் வழி, அவன் இளையவர் வழி. இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். நிறைய இருக்கிறது என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வருவான். ஆகவே, ஊர் நூலகத்துக்குக் கணினிகள் வருகின்றன என்றதுமே, யார் முதலில் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

கொண்டுவந்தது ஜோஸ்பின். அரியாங்குப்பத்துப் பெண், ஒரு கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய ஆறு முனையங்களைக் கேட்டு வாங்கி, குட்டியானை வேனில் ஏற்றி வந்தாள். முனையம் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். சொந்தமாக எதையும் செய்யத் தெரியாது. மூலையில் மேசைக்கடியில் இருந்த பெரிய கணினிதான் ஆறு பேருக்கும் சேர்த்து வேலை செய்யும். அதை சர்வர் என்றாள். அதிலிருந்து நீலக் கம்பிகள் சுவரோரமாக ஓடி, ஒவ்வொரு மேசைக்கும் பிரிந்து போயின.

"சர்வர் எழுந்தாத்தான் இதுங்க எழும் சார். அதுவரைக்கும் சாம்பல் கலர்ல சும்மா நிக்கும்" என்றாள்.

"எது முதலில் திறக்கும்?"

"அத சொல்ல முடியாது சார். எது முதல்ல கேக்குதோ அதுக்கு."

நூலகக் குழுவின் முன் அன்றே எழுந்து நின்று சொன்னேன். தலைவர் என்ற முறையில் சொன்னேன். "யார் திரை முதலில் திறக்கிறதோ அவருக்கு முதல் மரியாதை. ஒரு பொன்னாடை. நானோ அரிகரனோ, தோற்றவர் தன் கையால் போர்த்த வேண்டும். இதோடு இந்த விவகாரம் முடிந்தது."

அரிகரன் உடனே சரி என்றான். அவன் எதற்கும் உடனே சரி என்பவன் அல்ல. நான் நினைத்ததையே அவனும் நினைத்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நாங்கள் வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்கள். மதகுக்குப் பக்கத்து வயலில்தான் தண்ணீர் முதலில் ஏறும். சர்வர் மதகு என்றால், அதை ஒட்டிய நாற்காலி தலைமடை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தோம். நான் எட்டு மணிக்கே போய்த் தலைமடை நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டியின் பொத்தானையும் நானே அழுத்தினேன். திரை சாம்பல் நிறமாகி, நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி வந்து நின்றது. எட்டே காலுக்கு அரிகரன் வந்தான்.

"இன்னாண்ணே, ராத்திரியே வந்து படுத்துட்டீங்களா?"

"உனக்கு இரண்டாவது இருக்கிறது, உட்கார்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். உடனே எழுந்து குனிந்து, தன் மேசைக்கடியில் ஓடிய நீலக் கம்பியை நீவி நேராக்கினான். "மடங்கிக் கெடக்குது" என்றான். அவன் மறுபடி உட்கார்ந்ததும் நான் என் கம்பியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மடிப்பு எதுவும் இல்லை.

மூன்று, நான்கு, ஐந்தாம் நாற்காலிகளுக்கும் ஆள் வந்தார்கள். திரை திறந்ததும் தட்ட வேண்டிய பெயரை ஜோஸ்பின் சீட்டில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் வைத்திருந்தாள். ஆறாவது, வாசல் பக்கம். கம்பி நாலு சுவரையும் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அது மகளிர் குழுச் செயலாளர் ஆரோக்கியத்துக்கு. அவளை இன்னும் காணவில்லை.

சரியாகப் பத்துக்கு ஜோஸ்பின் சர்வரை இயக்கினாள். அதன் சொந்தத் திரையில் வெள்ளை வரிகள் கீழிருந்து மேலே ஓடின. ஜன்னல் கம்பிகளில் முகங்கள் நெருக்கியடித்தன. மவுஸை அசைத்தேன். பெருக்கல் குறி அசைந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மவுஸை விடாமல் பிடித்திருந்தேன். அறுபத்தொன்பது வயதில், மதகுப் பலகையைக்கூட நான் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

"பெரியவரே, கண்ண சிமிட்டாதீங்க. வந்துட்டுப் பூடும்" என்றது ஜன்னல்.

"அரிகரன் சாரு மூச்சு வுடவே மாட்டேன்றாரு, யாராவது தண்ணி குடுங்கப்பா" என்றது இன்னொரு ஜன்னல்.

அப்போதுதான் ஆரோக்கியம் ஓடிவந்தாள். நடவிலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காயவில்லை. "மன்னிச்சுக்கங்க, பாதி வயல்ல வுட்டுட்டு வர முடில" என்றாள். ஜோஸ்பின் ஆறாவது பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு சர்வரிடம் ஓடினாள். வரிகள் ஓடி முடிந்திருந்தன.

"இப்ப எந்த நிமிஷமும் வரும்."

என் திரை சாம்பல். பக்கத்தில் பார்த்தேன், அரிகரனுடையதும் சாம்பல்.

"ஏம்மா ஜோஸ்பின், இது இன்னா பேரு கேக்குது?"

வாசல் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் கேட்டாள். எல்லோரும் திரும்பினோம். ஆறாவது திரை முழுவதும் நீலமாகி, நடுவில் வெள்ளைக் கட்டம் ஒன்று திறந்து, அதற்குள் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஜன்னலில் இருந்த எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அரிகரன் என் காதருகே குனிந்தான். பதினோரு வருடத்தில் அவன் அவ்வளவு நெருங்கி வந்ததில்லை. "அண்ணே, அது நம்ம ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டதுதானே. அதுங்கள இதுல சேக்காதீங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து போடச் சொல்லுங்க."

அவன் சொன்னது என் மனதுக்குள்ளும் இருந்தது. அதை அவன் வாயால் கேட்டபோதுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. ஆரோக்கியமும் அவள் மாமியாரும் எங்கள் நிலத்தில் நட்டவர்கள், அறுத்தவர்கள். அதை அவள் மறந்துவிடவில்லை, நானும் மறந்துவிடவில்லை. ஆனால் நான் சொன்னது, யார் திரை முதலில் என்று. என் பாட்டனார் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆளைப் பார்த்து மாற்றியதாக யாரும் சொன்னதில்லை. பரிவட்டம் எங்கள் தலைக்கு வந்ததே அதனால்தான்.

எழுந்து, என் மனைவி ஆண்டாள் வில்லியனூரில் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த பொன்னாடையைப் பிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். என் தோளுக்கு எடுப்பாக இருக்கும் என்றுதான் அந்த நிறத்தை வாங்கச் சொல்லியிருந்தேன். அறையின் நீளம் முழுவதும் நடந்து போய் அவளுக்குப் போர்த்தினேன்.

"முதல் மரியாதை உங்களுக்கு" என்றேன். அவளை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜன்னல்கள் கைதட்டின. ஆரோக்கியம் பொன்னாடையின் ஓரத்தைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அங்கே முதலில் வந்தது?" என்று ஜோஸ்பினைக் கேட்டேன். "தலைமடையில் நான் இருக்கிறேன்."

"கம்பி நீளத்துல ஒண்ணும் இல்ல சார். உங்க பெட்டி எட்டு மணிலேர்ந்து சர்வர் இருக்கா, இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பதில் வரலன்னா கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேக்கும். அப்பவும் வரலன்னா இன்னும் கூட விட்டுக் கேக்கும். அவங்க பெட்டி இப்பத்தான் போட்டது, விடாம கேட்டுச்சு. நீங்க சீக்கிரம் வந்ததுதான் தப்பாப் போச்சு."

அதற்குள் நான்காவது திறந்தது. பிறகு மூன்றாவது, ஐந்தாவது. பிறகு அரிகரனுடையது. அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். என்னுடையது மட்டும் சாம்பலாகவே இருந்தது. நான் போய் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆரோக்கியம் பொன்னாடையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"உக்காருங்க ஐயா, வரும். எங்க முக்கா காணி நெலம் கடைமடைலதான் கெடக்குது. தண்ணி எப்ப வரும், எப்ப வரும்னு எத்தினி நாளு வரப்புல குந்தினு இருந்திருக்கோம். உங்களுக்கு ரெண்டு நிமிஷந்தான்."

ஊர் மொத்தமும் சிரித்தது. அரிகரன்கூடச் சிரித்தான். எனக்கு அடுத்த மதகு நாளில் வாய்க்காலின் கடைசிவரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பெருக்கல் குறி மறைந்தது. திரை ஒரு கணம் கறுத்து, பிறகு விளிம்பு முதல் விளிம்பு வரை நீலமானது. நடுவில் வெள்ளைக் கட்டம் திறந்தது.

"வந்துவிட்டது" என்றேன். இரண்டு தெரு தள்ளி வீட்டில் இருந்த ஆண்டாளுக்கு அது கேட்டதாம். நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன், அது உண்மை.

"பேரு கேக்குதா ஐயா?" ஆரோக்கியம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஜோஸ்பின் எழுதிக் குடுத்தத அடிச்சிட்டு, ஓரமா இருக்குதே பெரிய பொத்தான், அதத் தட்டுங்க. நானும் அதத்தான் செஞ்சேன்."

அவள் சொன்னபடியே தட்டினேன்.