லானியின் விருந்துக் கடன்

லானி ஹேவர்கேம்ப் எனக்குத் தரவேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு டாலர். அவன் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக்; பந்தை எறிபவன். முன்னால் நின்று அவன்மேல் அடி விழாமல் காக்கும் ஐந்து தடியர்களில் நான் நடு ஆள். குனிந்து, என் கால்களுக்கிடையே பந்தை அவன் கையில் கொடுப்பவன். ஓர் ஆட்டம் முழுக்க எதிரணி அவனை ஒருமுறைகூடத் தரையில் சாய்க்காவிட்டால், எங்கள் ஐந்து பேருக்கும் அவன் கறி விருந்து வாங்கித் தரவேண்டும். மூன்று ஆட்டம் காப்பாற்றினோம். மூன்று முறையும் அவன் சட்டைப்பையைத் தடவினான். கூரை வேலைக் கூலியில் நான் கட்டினேன்.

"அடுத்த வாரம் தர்றேன்டா ஏர்ல்."

"எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

அவன் பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்தில், ஊர்ப் பெருமையென்று தண்ணீர்த் தொட்டியில் அவன் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். பெரிய அணிகளின் பயிற்சி முகாமுக்கு நான்கு கோடைகள் போனான். நான்கு முறையும் திருப்பி அனுப்பினார்கள். கனடாவில் ஒரு வருடம் ஆடினான். பிறகு எங்களோடு வந்து சேர்ந்தான். பகலில் டயர் கடை, சனிக்கிழமை ஆட்டம், ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. வயது முப்பத்தேழு. வரும் சனிக்கிழமை, சம்பளம் தரும் அணி ஒன்றிலிருந்து ஓர் ஆள் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குப்பின் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவன் வண்டியில் ஏறினேன். இருக்கையில் மருத்துவரின் கடிதம் விரித்தபடி கிடந்தது. அவன் அதை மறைக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அணியில் அவனுக்கு மட்டுமே தெரியும். ஆறு வருடமாக ஆட்டத் திட்டங்களை எனக்கு வாயால் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. போன குளிர்காலத்தில் தேவாலயத்தின் கீழறை வகுப்பில் நான் எழுத்துக் கற்றதை வெட்கத்தில் அவனிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வலது தோள். இன்னொரு அடி விழுந்தால் கை மேலே எழாது.

சனிக்கிழமை, ஆட்டத்தின் கடைசிப் பகுதிவரை அவனை யாரும் தொடவில்லை. ஆனால் பந்துக்காக எனக்கு அடியில் வைத்த அவன் வலது கை நடுங்கியது. கூட்டத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"கை எப்படிடா இருக்கு?"

"பின்பக்கத்தாலயே கைஜோசியம் பாக்குறியா? பந்தைக் குடுறா."

அடுத்தது நீளமான எறிதல். எதிரணியில் இரண்டு பேர் அவன் வலது பக்கத்தையே பார்த்து நின்றார்கள். நான் நிமிர்ந்தேன். நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு கோச்சிடம் போனேன். லானி பின்னாலேயே வந்தான்.

"அவன் தோள் போச்சு கோச். டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. நான் படிச்சேன்."

"நீ படிச்சியா?" கேட்டது கோச் இல்லை, லானி.

அவனை வெளியே உட்காரவைத்தார்கள். பார்க்க வந்த ஆள் ஆட்டம் முடியுமுன்னே கிளம்பிவிட்டார்.

இரண்டு மாதம் லானி என்னோடு பேசவில்லை. டிசம்பரில் நான் கூரை போட்டுக்கொண்டிருந்த வீட்டின்முன் வண்டியை நிறுத்தினான். ஏணியில் பாதியில் நின்ற எனக்கு, வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தி ஒரு கவரை நீட்டினான். எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

"கடைசி ஆட்டத்துலயும் உன்னை யாரும் சாய்க்கலையே. அந்த விருந்து?" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"அதுக்குக் கிடையாது. அன்னிக்கு என்னைக் கவுத்தது நீதான்."

விதிப்படி அது சரி. பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். கூரையில் பூசக் காய்ச்சிய தார் ஆறிக்கொண்டிருந்தது.