பூட்டிய சுவிட்ச்

ஆரஞ்சுத் தோப்பின் அடிவாரத்தில், லாரித் தட்டின்மேல் நின்று முதலாளி லாயும் குய்லானும் ட்ரோனைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் திசைகாட்டியைச் சரிசெய்ய ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாதென்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவர்கள் காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் இரும்பு.

"முதலாளி, கீழ எறங்கி வெட்டவெளியில செஞ்சா..."

"கீழ முழங்கால் சேறு. வழுக்கிப் போட்டு ஒடைச்சா உங்கப்பனா தருவான்? சுத்தும்மா!"

சுற்றினாள். மருந்து தெளிக்க ட்ரோன் வந்ததும், முதுகில் மருந்துத் தொட்டி சுமந்த இருபது பேரில் பதினெட்டுப் பேரை லாய் போன வாரம் அனுப்பிவிட்டார். மிச்சம் இவளும் ஷுஃபென்னும்தான். நாற்பத்தேழு வயதுக்காரியை இனி யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

அவள் கையிலிருந்த, ட்ரோனை ஓட்டும் பெட்டியில் மூன்று நிலைகள் கொண்ட சுவிட்ச். முதல் நிலையில் ட்ரோன் செயற்கைக்கோளையும் திசைகாட்டியையும் நம்பித் தானே நிற்கும். இரண்டாவதில் உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், மற்றது ஓட்டுகிறவள் பாடு. மூன்றாவது கைதேர்ந்தவர்களுக்கு. லாய் பின் இரண்டையும் பூட்டிவைத்தார்.

"கத்துக்குட்டிக்கு மொத நிலை போதும்."

"கோளாறு வந்தா ரெண்டாவதுக்கு மாத்தணும்னு வாத்தியார் சொன்னாரு."

"வாத்தியாரா காசு போட்டு வாங்கினாரு? ஏத்து!"

சரிவின்மேல், மரவரிசை முடியும் இடத்தைக் காட்ட, ஷுஃபென் சிவப்புக் கொடியோடு நின்றாள். ட்ரோன் ஒழுங்காகத்தான் ஏறியது. அவளருகில் போய் நின்றதும் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் பெரிது. அதற்கடுத்தது கிளைகளை உரசியது.

குய்லான் சுவிட்சைக் கீழே தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தள்ளினாள். ஐயோ, பதினைந்து கிலோ! விசிறிகள் ஷுஃபென்னின் தலைக்கு ஒரு கை உயரத்தில் இரைந்தன.

"அக்கா! படுத்துக்கோ! படு!"

பெட்டியின் இரண்டு ஓட்டுகுச்சிகளையும் கீழே, உள்பக்கமாக இழுத்துப் பிடித்தாள். விசிறிகள் நின்றன. ஷுஃபென் விழுந்து கிடந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி ட்ரோன் சரிந்து நொறுங்கியது.

தெறித்த சில்லு கீறி ஷுஃபென்னின் காதோரம் ரத்தம். துண்டால் அழுத்திப் பிடித்தபடி இறங்கி வந்தாள். லாய் அவளைப் பார்க்கவில்லை. லாரியின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார். ‘ஓட்டியவள் பயந்துபோய்த் தானே விசிறிகளை நிறுத்திவிட்டாள்.’

"ஷுஃபென், நீதான் சாட்சி. ரேகை வை."

"அவ நிறுத்தலேன்னா என் தல போயிருக்குமே, முதலாளி..."

"நிறுத்தினாளா, இல்லையா?"

"நிறுத்தினா."

"அதத்தான் எழுதியிருக்கேன். உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

ஷுஃபென் சிவப்பு மையில் கட்டைவிரலை அழுத்தினாள், காகிதத்தில் வைத்தாள். குய்லானை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாய் மற்றொரு ட்ரோனை லாரித் தட்டில் வைத்து, ஓட்டும் பெட்டியை ஷுஃபென்னின் கையில் கொடுத்தார். சுவிட்ச் பூட்டியேதான் இருந்தது.

"நீ ஓட்டு. குய்லான், சாயங்காலம் கணக்கு முடிச்சு அனுப்பறேன். அதுவரைக்கும் கொடி பிடிக்க ஆள் வேணுமில்ல? ஏறு."

குய்லான் சரிவில் ஏறினாள். கீழே விசிறிகள் சுழலத் தொடங்கின. கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் மரத்தோடு மரமாக ஒண்டி நின்றாள்.

"மரத்த விட்டு வெளிய வந்து நில்லும்மா!" லாய் கத்தினார். "ஆள் தெரியல!"